இன்றைய வெற்றியும் நாளைய வீரனும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே பேஸ்போல் எனப்படும் பந்தாட்டம் ஏறக்குறைய ஆறு மாத காலம் நாள்தோறும் நடைபெறுவதாகும். வசந்த காலத்திலே தொடங்கும் இப்பருவத்தில் ஒவ்வோர் அணியும் 162 ஆட்டங்கள் ஆடுகின்றது. அவற்றின் முடிவில் முன்னணியில் நிற்கும் சில அணிகளே இறுதிப் போட்டிகளிற் கலந்துகொள்ளும் உரிமையைப் பெறுகின்றன. பருவத்தின் மூன்றில் இரண்டு பங்கு கழிந்த நிலையிலே, ஜூலை மாத முடிவில், ஒவ்வொரு கழகத்தின் நிருவாகியும் இரண்டு கேள்விகளுக்கு விடை கூறியாக வேண்டும். இவ்வாண்டு தமது அணிக்கு இறுதிப் போட்டிகளில் இடம் கிடைக்குமா? கிடைக்குமெனில், அதற்காக எதனைக் கொடுக்கலாம்?

இக்கேள்விகள் அந்த நாளில் எழுவதற்குக் காரணம், ஆட்டக்காரரைக் கழகங்கள் தம்முள் மாற்றிக்கொள்வதற்கு விதிக்கப்பட்டுள்ள கெடுவாகும். இக்கெடுவுக்கு ஒரு வரலாறு உண்டு. 1922 ஆம் ஆண்டில் நியூயோர்க் யாங்கீஸ் கழகம், பருவத்தின் நடுப்பகுதி கடந்த பின்னர், ஜூலை மாதத்தின் பிற்பகுதியில், பொஸ்ரன் கழகத்திடமிருந்து ஜோ டூகன் என்னும் சிறந்த ஆட்டக்காரரைப் பெற்றுக்கொண்டது. அவ்வாண்டு சென் லூயிஸ் பிரவுன்ஸ் அணி ஒரேயோர் ஆட்ட வேறுபாட்டினால் யாங்கீஸ் அணிக்குப் பின்தங்கியது. செல்வமுள்ள கழகம் பருவத்தின் நடுவிலே வெற்றியை விலைக்கு வாங்குகின்றது என்ற கண்டனம் எழுந்தது. அதன் விளைவாக, 1923 ஆம் ஆண்டு முதல் ஜூன் 15 ஆம் திகதி கெடுநாளாக விதிக்கப்பட்டது. 1986 ஆம் ஆண்டில் அது ஜூலை 31 ஆம் திகதிக்கு மாற்றப்பட்டது. அதன் பின்னரும், ஓகஸ்ட் மாதத்தில், ஏனைய கழகங்களுக்கு உரிமை கோரும் வாய்ப்பை முதலில் அளித்துவிட்டு, ஆட்டக்காரரை மாற்றிக்கொள்ளும் வழியொன்று திறந்திருந்தது. 2019 ஆம் ஆண்டில் அவ்வழியும் அடைக்கப்பட்டது.

கெடுநாள் நெருங்குகையில் ஒரு கழகத்துக்கு மூன்று வழிகள் உள்ளன. வெற்றி வாய்ப்புடைய கழகம், தன்னிடமுள்ள இளம் ஆட்டக்காரரைக் கொடுத்து அனுபவமுள்ள ஒருவரைப் பெறலாம். வாய்ப்பிழந்த கழகம், தன் மூத்த ஆட்டக்காரரைக் கொடுத்து இளைஞரைப் பெற்று எதிர்காலத்துக்காகக் காத்திருக்கலாம். இரண்டுமின்றி உள்ளதைக்கொண்டே ஆடலாம். இம்மூன்றனுள் எது சிறந்தது என்பதற்குப் பொதுவிதி கிடையாது. ஆனால் இவற்றின் தன்மையைத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சியொன்று 1987 ஆம் ஆண்டில் டெற்றோயிற் நகரில் நிகழ்ந்தது.

அதனை விளங்கிக்கொள்வதற்கு ஆட்டத்தின் ஓர் இயல்பை அறிதல் வேண்டும். கிரிக்கெற் ஆட்டத்திலே பல பந்து வீச்சாளர் மாறி மாறி வீசுவர். பேஸ்போல் ஆட்டத்திலோ, ஒன்பது சுற்றுகளின் பெரும்பகுதியைத் தொடக்கப் பந்து வீச்சாளர் ஒருவரே தாங்குவது அக்காலத்து வழக்கம். கைக்கு ஓய்வு வேண்டுமாதலால் அவர் ஐந்து நாளுக்கு ஒருமுறையே வீசுவார். ஆகவே ஓர் அணிக்கு இத்தகையோர் ஐவர் தேவை. ஐவருள் ஒருவர் தளர்ந்தால், ஐந்தில் ஓர் ஆட்டம் ஆபத்துக்குள்ளாகும். கெடுநாட்களிலே நல்ல பந்து வீச்சாளருக்குப் பெருங் கிராக்கி ஏற்படுவது இதனாலேயே.

1984 ஆம் ஆண்டில் உலகத் தொடர் எனப்படும் பெரும் போட்டியில் வாகை சூடிய டெற்றோயிற் டைகர்ஸ் அணி, 1987 ஆம் ஆண்டுப் பருவத்தை மிக மோசமாகத் தொடங்கியது. முதல் 30 ஆட்டங்களில் 19 தோல்விகள். பின்னர், ஸ்பார்க்கி அன்டர்சன் என்னும் பயிற்றுநரின் தலைமையில் அணி படிப்படியாக எழுச்சி பெற்றது. ஆயினும் அது முதுமை எய்திக்கொண்டிருந்த அணியாகும். அவ்வாண்டு 34 ஹோம் ரன்கள் அடித்த டரல் எவன்ஸ் நாற்பது வயதினர். இன்னும் சில ஆண்டுகள் காத்திருப்போம் என்று கூறும் நிலையில் அக்கழகம் இருக்கவில்லை. அக்காலத்தில் ஒவ்வொரு பிரிவிலும் முதலிடம் பெறும் அணிக்கு மாத்திரமே இறுதிப் போட்டிகளில் இடமுண்டு. இரண்டாமிடத்துக்கு யாதொரு பயனும் இல்லை. முதலிடத்துக்கு ரொறன்ரோ புளூ ஜேய்ஸ் அணி கடும் போட்டியாக நின்றது.

ஓகஸ்ட் 12 ஆம் திகதி டெற்றோயிற் கழகம் தன் முடிவைச் செய்தது. அற்லாண்டா பிரேவ்ஸ் கழகத்திடமிருந்து டொய்ல் அலெக்சாண்டர் என்னும் முப்பத்தாறு வயதுப் பந்து வீச்சாளரைப் பெற்றது. அவ்வாண்டு அதுவரை அவர் 5 வெற்றிகளும் 10 தோல்விகளும் கண்டிருந்தார். அவருக்கு ஈடாகக் கொடுக்கப்பட்டவர் ஜோன் ஸ்மோல்ற்ஸ் என்னும் இருபது வயது இளைஞர். இவர் மிச்சிகன் மாநிலத்தவர். டெற்றோயிற் அணியின் மீது பற்றுக்கொண்டு வளர்ந்தவர். எனினும், கீழ்நிலை அணியொன்றில் ஆடிய அவர் அவ்வாண்டு 4 வெற்றிகளும் 10 தோல்விகளுமே பெற்றிருந்தார். ஏடுகளைப் புரட்டிப் பார்த்தவருக்கு, தளர்ந்த முதியவர் ஒருவரும் தேறாத இளைஞர் ஒருவரும் இடம் மாறியதாகவே தோன்றியிருக்கும்.

அதன்பின் நிகழ்ந்தது வியக்கத்தக்கது. டெற்றோயிற் அணிக்காக அலெக்சாண்டர் தொடக்க வீச்சாளராக இறங்கிய 11 ஆட்டங்களிலும் அந்த அணியே வென்றது. அவருடைய கணக்கில் 9 வெற்றிகள். தோல்வி ஒன்றேனும் இல்லை. ஒன்பது சுற்றுகளுக்கு அவர் விட்டுக்கொடுத்த ஓட்டங்களின் சராசரி 1.53 மாத்திரமே.

செப்ரெம்பர் மாதத்தின் கடைசி வாரம் வந்தது. ரொறன்ரோவில் நடைபெற்ற நான்கு ஆட்டங்களுள் முதல் மூன்றில் டெற்றோயிற் தோல்வியுற்று, மூன்றரை ஆட்ட வேறுபாட்டில் பின்தங்கியது. நான்காவதிலும் தோற்றிருப்பின் நம்பிக்கை பெரும்பாலும் அற்றிருக்கும். அன்று வீசியவர் அலெக்சாண்டர். அவர் பத்துச் சுற்றுகளுக்கும் மேலாக வீசி எதிரணியைத் தடுத்து நிற்க, பதின்மூன்றாஞ் சுற்றில் டெற்றோயிற் வெற்றி கண்டது. அதன் பின் ரொறன்ரோ அணிக்கு வெற்றியே கிட்டவில்லை. பருவத்தின் கடைசி மூன்று ஆட்டங்களில் இரு அணிகளும் டெற்றோயிற்றில் மீண்டும் சந்தித்தன. முதலாவதில் அலெக்சாண்டர் வீச, 4 க்கு 3 என்ற கணக்கில் வெற்றி. இரண்டாவது பன்னிரண்டு சுற்றுகள் நீடித்து 3 க்கு 2 என முடிந்தது. ஒக்ரோபர் 4 ஆம் திகதி நடைபெற்ற மூன்றாவதில் பிராங் தனானா ஓர் ஓட்டமும் கொடாது வீச, லாரி ஹேர்ண்டன் அடித்த ஒரேயொரு ஹோம் ரன் ஆட்டத்தை முடிவு செய்தது. டெற்றோயிற் 98 வெற்றிகளுடன் முதலிடம் பெற்றது. கடைசி ஏழு ஆட்டங்களிலும் தோற்ற ரொறன்ரோ, 96 வெற்றிகளைப் பெற்றிருந்தும் வெறுங்கையுடன் வீடு திரும்பியது.

பிரிவில் முதலிடம் பெறுதல் முடிந்த முடிபன்று. அடுத்த கட்டத்தில் டெற்றோயிற்றை எதிர்த்தது, 85 வெற்றிகளுடன் மேற்குப் பிரிவில் முதலிடம் பெற்ற மினசோட்டா அணி. அத்தொடரில் டெற்றோயிற் 4 க்கு 1 என்ற கணக்கில் தோற்றது. அலெக்சாண்டர் வீசிய இரு ஆட்டங்களும் தோல்வியாயின. அவ்வாண்டு உலகத் தொடரை வென்றதும் மினசோட்டாவே. அலெக்சாண்டர் 1989 ஆம் ஆண்டுடன் ஓய்வு பெற்றார்.

அற்லாண்டா கழகமோ உடனே பயன் கண்டிலது. 1988 ஆம் ஆண்டில் 106 ஆட்டங்களில் தோற்றது. 1990 ஆம் ஆண்டிலும் தன் பிரிவில் கடைசி இடத்திலேயே கிடந்தது. ஆயினும் 1991 ஆம் ஆண்டு முதல் பல ஆண்டுகள் தொடர்ந்து முன்னணியில் நின்று, 1995 ஆம் ஆண்டில் உலகத் தொடரை வென்றது. அந்த எழுச்சியின் தூண்களுள் ஒருவராக விளங்கியவர் ஸ்மோல்ற்ஸ். 1996 ஆம் ஆண்டில் அவர் 24 வெற்றிகள் பெற்று, சிறந்த பந்து வீச்சாளருக்குரிய சை யங் விருதைப் பெற்றார். தம் ஆட்ட வாழ்வில் 213 வெற்றிகளை ஈட்டினார். 2015 ஆம் ஆண்டில் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் இடம்பெற்றது. டெற்றோயிற் அணியோ 2006 ஆம் ஆண்டு வரை இறுதிப் போட்டிகளை எட்டவில்லை.

இவற்றையெல்லாம் நோக்குவோர், டெற்றோயிற் ஏமாந்தது என்று எளிதிற் கூறிவிடுவர். அக்கூற்று முழு உண்மையாகாது. அலெக்சாண்டர் வீசிய 11 ஆட்டங்களுள் மூன்றில் அணி தோற்றிருந்தால், முதலிடம் ரொறன்ரோவுக்குப் போயிருக்கும். ஆகவே வாங்கிய பொருள் வாங்கிய நோக்கத்தைத் தவறாது நிறைவேற்றியது. மேலும், 1989 ஆம் ஆண்டில் 103 தோல்விகள் கண்ட டெற்றோயிற் அணியை ஸ்மோல்ற்ஸ் ஒருவர் தனித்து நின்று உயர்த்தியிருக்க முடியாது. மறுபுறத்தில், கொடுத்த விலை சிறியதென்றும் எவரும் கூறார். விலை செலுத்தப்பட்டது அந்த ஓகஸ்ட் மாதத்தில் அன்று. பின்வந்த இருபது ஆண்டுகளில் சிறிது சிறிதாகச் செலுத்தப்பட்டது. நன்மை வரும் நாள் நாட்காட்டியிலே தெரிகின்றது. விலை கேட்கப்படும் நாளோ தெரிவதில்லை. கெடுநாளின் கடினம் இதுவேயாகும்.

இன்று இக்கடினம் மிகுந்துள்ளதேயன்றிக் குறையவில்லை. 2022 ஆம் ஆண்டு முதல் 30 கழகங்களுள் 12 கழகங்கள் இறுதிப் போட்டிகளுக்குத் தெரிவாகின்றன. ஜூலை மாத முடிவில் தமக்கும் வாய்ப்புண்டு என எண்ணும் கழகங்கள் பெருகியுள்ளன. கொடுக்க முன்வருவோர் அருகிவிட்டனர். துணிந்து கொடுத்துப் பயனடைந்தோரும் உளர். 2016 ஆம் ஆண்டில் சிக்காகோ கப்ஸ் கழகம், க்ளேபர் ரொறஸ் என்னும் நம்பிக்கைக்குரிய இளைஞரையும் வேறு மூவரையும் நியூயோர்க் கழகத்துக்குக் கொடுத்து, அரோல்டிஸ் சப்மன் என்னும் அதிவேகப் பந்து வீச்சாளரைச் சில மாதங்களுக்கெனப் பெற்றது. அவ்வாண்டு அது உலகத் தொடரை வென்றது. 1908 ஆம் ஆண்டுக்குப் பின் அக்கழகத்துக்குக் கிட்டிய முதல் வெற்றி அதுவாகும். தலைமுறை தலைமுறையாகக் காத்திருந்த ஆதரவாளருக்கு அந்த விலை மிகையாகத் தோன்றவில்லை.

ஆகவே இத்தகைய முடிவுகளைப் பின்னர் விளைந்த பயனைக்கொண்டு மாத்திரம் அளத்தல் நியாயமாகாது. அன்று அணியின் வயது என்ன, எத்தனை ஆட்டங்கள் எஞ்சியிருந்தன, கொடுக்கப்படும் இளைஞரைப் பற்றி எவ்வளவு அறிந்திருந்தனர் என்பவற்றையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். இவ்வாறு எண்ணுமிடத்து, டெற்றோயிற் செய்தது அறியாமையன்று. விலையை அறியாமலே தரத் துணிந்த ஒரு தெரிவு. அற்லாண்டா செய்ததும் தீர்க்கதரிசனமன்று. மூன்றாண்டுத் தோல்வியைத் தாங்கும் பொறுமையே அதனைக் காத்தது. 1987 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்து அந்த ஞாயிற்றுக்கிழமையில் டெற்றோயிற் மைதானத்திலே ஆரவாரித்து நின்றோருக்கு ஸ்மோல்ற்ஸ் என்னும் பெயர் பெரும்பாலும் தெரிந்திராது. அவர்கள் கண்ட வெற்றியும் உண்மையே. அவர்கள் இழந்த வீரனும் உண்மையே.