பாறையைப் பாறையாகவே பார்த்தவர்கள்

கலிபோர்னியாவின் கார்மல் ஊருக்குத் தெற்கே பசிபிக் கடலுக்குள் நீண்டு கிடக்கிறது பாயின்ட் லோபோஸ் முனை. அலை குடைந்த பாறைகள், கரை ஒதுங்கிய கெல்ப் பாசி, திட்டுகளில் கத்திக்கொண்டிருக்கும் கடற்சிங்கங்கள், உப்புக் காற்றில் முறுகிய மான்டரே சைப்ரஸ் மரங்கள். இந்த சைப்ரஸ் இயற்கையாக வளரும் தோப்புகள் உலகில் இரண்டே. அவற்றில் ஒன்று இங்கே இருக்கிறது.

1929-ல் கார்மலில் குடியேறிய புகைப்படக் கலைஞர் எட்வர்ட் வெஸ்டன், தன் கனத்த கேமராவோடு இந்த முனைக்குப் போகத் தொடங்கினார். விரிந்த கடலையும் அந்தி வானத்தையும் அவர் தேடவில்லை. ஒரு மரத்தின் வேர், ஒரு பாறையின் குழிவு, சுருண்டு கிடக்கும் பாசி ஆகியவற்றின் முன்னால்தான் முக்காலியை ஊன்றினார்.

அன்றைக்கு இது துணிச்சலான செயல். புகைப்படம் கலையாக மதிக்கப்பட வேண்டுமானால் ஓவியம்போல் இருக்க வேண்டும் என்று பலர் நம்பிய காலம் அது. லென்ஸை மங்கலாக்குவார்கள், சொரசொரப்பான தாளில் அச்சிடுவார்கள்.

அந்தப் போக்கை மறுத்து 1932-ல் சான்பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் ஏழு பேர் ஒன்றுகூடினார்கள்: வெஸ்டன், ஆன்சல் ஆடம்ஸ், இமோஜன் கன்னிங்ஹாம், வில்லர்ட் வான் டைக், சோன்யா நோஸ்கோவியாக், ஜான் பால் எட்வர்ட்ஸ், ஹென்றி ஸ்விஃப்ட். குழுவின் பெயர் ‘எஃப் 64’. பெரிய கேமராக்களின் லென்ஸில் மிகச் சிறிய துளையைக் குறிக்கும் எண் அது. துளை சிறுத்தால், காலடிக் கூழாங்கல் முதல் தூரத்துப் பாறை வரை எல்லாம் துல்லியமாக விழும். வெஸ்டன் 8-க்கு 10 அங்குல நெகட்டிவைப் பெரிதாக்காமல், அதே அளவில் தாளோடு ஒட்டவைத்து அச்சிட்டார். பாறையின் ஒவ்வொரு வரியும் படத்தில் அப்படியே நின்றது.

1932 நவம்பர் 15-ல் சான்பிரான்சிஸ்கோவின் டி யங் அருங்காட்சியகத்தில் இவர்களின் கண்காட்சி தொடங்கியது. ஏழு பேரோடு, அழைக்கப்பட்ட நால்வரின் படங்களும் இருந்தன. எல்லாமே லோபோஸ் முனையின் படங்கள் அல்ல. கன்னிங்ஹாமுக்குச் செடிகள், ஆடம்ஸுக்கு மலைகள். ஆனால் எதையும் அழகுபடுத்தாமல் உள்ளதை உள்ளபடி பார்ப்பது என்ற குழுவின் கொள்கைக்கு அந்த முனையைவிடப் பொருத்தமான களம் கிடையாது. ஜோடனை தேவைப்படாத இடம் அது.

சில ஆண்டுகளிலேயே குழு கலைந்தது. 1933-ல் அரசின் பாதுகாப்புக்குள் வந்த முனை மட்டும் வெஸ்டனை விடவில்லை. பார்க்கின்சன் நோயால் உடல் தளர்ந்த அவர், 1948-ல் தன் கடைசிப் படத்தை எடுத்ததும் அங்கேதான். 1958-ல் மறைந்தபின் அவருடைய அஸ்தி அங்குள்ள கூழாங்கல் கரையில் தூவப்பட்டது. இன்று அதன் பெயர் வெஸ்டன் கடற்கரை.

எஃப் 64 குழுவின் புகழுக்குக் கேமராவின் துளையை மட்டும் காரணமாகச் சொல்வது பாதி உண்மைதான். மீதிப் பாதி, திரும்பத் திரும்ப ஒரே இடத்துக்குப் போன பொறுமை. பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகும் வெஸ்டனுக்கு அந்தப் பாறைகள் அலுக்கவில்லை.

கையில் கேமராவோ செல்போனோ வைத்திருக்கும் ஒவ்வொருவரும், புகழ்பெற்ற இடங்களைத் தேடி ஓடுவதற்கு முன், தங்களுக்கு எட்டும் தூரத்தில் ஒரு கரையையோ குன்றையோ தேர்ந்தெடுத்து, ஓராண்டு முழுக்க அதை மட்டும் பார்க்கட்டும்.