குடையும் உதட்டுச்சாயமும்: உளவாளி ஆயுதங்கள் உண்மையில் வேலை செய்யுமா?

'கோல்டன் ஐ' படத்தில் ஜேம்ஸ் பாண்ட் வைத்திருக்கும் பேனாவை மூன்று முறை அழுத்தினால் அது வெடிகுண்டாகிவிடும். 'கோல்ட்ஃபிங்கர்' படத்தில் ஒட்ஜாப் வீசும் தொப்பி, கற்சிலையின் தலையையே சீவித் தள்ளும். 'ஃப்ரம் ரஷ்யா வித் லவ்' படத்தின் வில்லி ரோசா கிளெப் அணிந்த காலணியின் முனையிலிருந்து விஷம் தோய்ந்த கத்தி எட்டிப் பார்க்கும். இவற்றைப் பார்த்தவர்களில், "இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்று கேட்காதவர்கள் குறைவு. பொறியியல் மாணவனான எனக்கும் அந்தக் கேள்வி உண்டு.

தேடிப் படித்தபோது முதலில் வியப்புதான் ஏற்பட்டது. பேனா, குடை, சிகரெட் பெட்டி, உதட்டுச்சாயம் எனப் பல பொருள்களில் ஆயுதத்தை மறைக்க உளவுத்துறைகள் உண்மையிலேயே பணத்தையும் மூளையையும் செலவிட்டிருக்கின்றன. ஆனால், அவை வேலை செய்தனவா என்பது வேறு கேள்வி.

இயற்பியல் விடாது

சோவியத் உளவுத்துறையான கேஜிபி, உதட்டுச்சாயக் குழாய் வடிவில் ஒரு துப்பாக்கி செய்தது. அது இன்று வாஷிங்டனில் உள்ள அனைத்துலக உளவு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் குண்டின் விட்டம் 4.5 மில்லிமீட்டர். ஒலிம்பிக் போட்டிகளில் சுடும் காற்றுத் துப்பாக்கியின் குண்டும் இதே 4.5 மில்லிமீட்டர்தான். காவல்துறையினர் பரவலாகப் பயன்படுத்தும் கைத்துப்பாக்கியின் குண்டு 9 மில்லிமீட்டர். உதட்டுச்சாயத் துப்பாக்கியால் ஒரே ஒரு முறைதான் சுட முடியும். குறி தவறினால் கையில் மிஞ்சுவது வெறும் குழாய்.

குறி ஏன் தவறும்? துப்பாக்கியின் குழல் குட்டையாக இருந்தால், வெடிமருந்தின் வாயு குண்டைத் தள்ளும் நேரம் குறைகிறது. குண்டின் வேகமும் குறைகிறது. குறி பார்க்க முனை இல்லை, சரியாகப் பிடிக்கக் கைப்பிடியும் இல்லை. கை வெறும் 5 பாகை விலகினால் என்ன ஆகும் என்று திரிகோணமிதியைக் கொண்டு கணக்கிட்டுப் பாருங்கள். 5 மீட்டர் தூரத்தில் குண்டு ஏறத்தாழ 44 சென்டிமீட்டர் தள்ளிப் போகும். 10 மீட்டரில் அது 87 சென்டிமீட்டர் ஆகிவிடும். பக்கத்தில் நிற்பவர் மேல் பட்டாலும் ஆச்சரியமில்லை.

ரோசா கிளெப்பின் காலணிக்கும் இதே கதிதான். ஒற்றைக் காலில் நின்று உதைப்பவரின் உடல் சமநிலை இழந்திருக்கும். எதிரி ஓர் அடி பின்வாங்கினால் போதும். சிறிய கத்தி கனமான துணியில் சிக்கினால் வளையும், அல்லது ஒடியும். ஒரு பொருளுக்குள் ஆயுதத்தை ஒளிக்கும்போது, அதன் நீளம், எடை, பிடிமானம், வலிமை ஆகிய எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. ஒளிவதில் கிடைக்கும் லாபம், தாக்குவதில் நட்டமாகிறது.

வேலை செய்த ஒன்று

இருப்பினும், உலகம் மறக்காத ஒரு சம்பவம் உண்டு. பல்கேரியாவிலிருந்து வெளியேறி லண்டனில் பிபிசி வானொலியில் பணியாற்றிய எழுத்தாளர் ஜியோர்ஜி மார்கோவ், 1978 செப்டம்பர் 7ஆம் தேதி வாட்டர்லூ பாலத்தருகே பேருந்துக்காகக் காத்திருந்தார். தொடையில் சுருக்கென்று குத்தியது. திரும்பிப் பார்த்தபோது ஒருவர் கீழே கிடந்த குடையை எடுத்துக்கொண்டிருந்தார். நான்கு நாள்களில் மார்கோவ் இறந்தார். அவருடைய தொடையில் குண்டூசித் தலை அளவுள்ள ஓர் உலோக உருண்டை கிடைத்தது. அதில் ரைசின் என்ற நஞ்சு இருந்ததாக விசாரணையில் முடிவு செய்யப்பட்டது. இன்றுவரை யாருக்கும் தண்டனை கிடைக்கவில்லை.

அப்படியானால் குடை வென்றது என்று சொல்லலாமா? அதற்குச் சில நாள்கள் முன்பு, ஆகஸ்டு மாதத்தில், பாரிசில் விளாடிமிர் கோஸ்டோவ் என்ற மற்றொரு பல்கேரியர் இதே முறையில் தாக்கப்பட்டார். அவருக்குக் காய்ச்சல் வந்தது, பிழைத்துக்கொண்டார். மார்கோவ் இறந்த செய்தி வந்த பிறகு அவர் முதுகைச் சோதித்தபோது, அதேபோன்ற உருண்டை வெளியே வந்தது. ஒரே வகை ஆயுதம். ஒருவர் இறந்தார், ஒருவர் பிழைத்தார்.

அமெரிக்காவின் சிஐஏ அடைந்த தோல்விகள் இன்னும் நீளம். கியூபத் தலைவர் ஃபிடல் காஸ்ட்ரோவைக் கொல்ல 1960 முதல் 1965 வரை குறைந்தது எட்டுச் சதிகள் தீட்டப்பட்டதை 1975இல் அமெரிக்க செனட் விசாரணைக் குழு வெளியிட்டது. நஞ்சிட்ட சுருட்டு, வெடிக்கும் சிப்பி, நோய்க் கிருமி தடவிய நீர்மூழ்கு உடை, ஊசி மறைத்த பேனா எனப் பட்டியல் நீள்கிறது. ஒன்றும் பலிக்கவில்லை. காஸ்ட்ரோ 2016இல், தம் 90ஆவது வயதில்தான் காலமானார்.

விசையை அழுத்த மறுத்த விரல்

எந்தப் பொறியியலாளரும் கணக்கில் சேர்க்காத ஒரு பாகம் இந்த ஆயுதங்களில் இருந்தது. அதுதான் மனிதன்.

1954இல் நிக்கோலாய் கோக்லோவ் என்ற சோவியத் உளவு அதிகாரி, ஃபிராங்பர்ட் நகரில் ஒருவரைக் கொலை செய்யும் பணியை நடத்த அனுப்பப்பட்டார். சிகரெட் பெட்டிக்குள் சத்தமில்லாத துப்பாக்கி தயாராக இருந்தது. ஆனால், அவர் கொல்லப்பட வேண்டியவரின் வீட்டுக்கே சென்று, "உங்களைக் கொல்ல ஆணை வந்திருக்கிறது" என்ற உண்மையைச் சொல்லிவிட்டார். பிறகு அந்தச் சிகரெட் பெட்டி செய்தியாளர்கள் முன் காட்டப்பட்டது.

போடான் ஸ்டாஷின்ஸ்கி சுருட்டிய செய்தித்தாளுக்குள் நஞ்சு தெளிக்கும் குழாயை மறைத்து, 1957இலும் 1959இலும் மியூனிக்கில் இருவரைக் கொன்றார். முதல் மரணத்தை மாரடைப்பு என்றே நினைத்தார்கள். கருவி கச்சிதமாக வேலை செய்தது. ஆனால் 1961இல் அவரே மேற்கு ஜெர்மனியிடம் சரணடைந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். கருவி காத்த ரகசியத்தை, அதைப் பிடித்திருந்தவரால் காக்க முடியவில்லை.

நம் வாசலில் நடந்தது

இந்தக் கதைகள் எல்லாம் ஐரோப்பாவில், அந்தக் காலத்தில் நடந்தவை என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. 2017 பிப்ரவரி 13ஆம் தேதி காலை, கேஎல்ஐஏ 2 விமான நிலையத்தின் புறப்பாட்டு மண்டபத்தில், வடகொரியத் தலைவரின் அண்ணன் கிம் ஜோங் நாம் கொல்லப்பட்டார். குடையும் இல்லை, பேனாவும் இல்லை. அனைத்துலக உடன்படிக்கையால் தடைசெய்யப்பட்ட விஎக்ஸ் என்னும் நரம்பு நஞ்சை இரு பெண்கள் வெறும் கையால் அவர் முகத்தில் தடவினார்கள்.

இந்தோனேசியாவையும் வியட்நாமையும் சேர்ந்த அந்த இருவரும் இருபதுகளில் இருந்த இளம்பெண்கள். காணொளிக்கான குறும்பு விளையாட்டு என்று நம்பி, பணத்துக்காக நடித்ததாகவே அவர்கள் சொன்னார்கள். அவர்களை ஏவியதாகக் கருதப்படும் நால்வர் அன்றே நாட்டைவிட்டுப் பறந்துவிட்டனர். மரண தண்டனை விதிக்கப்படக்கூடிய கொலைக் குற்றச்சாட்டுடன் ஷா ஆலம் உயர்நீதிமன்றத்தில் நின்றவர்கள் அந்தப் பெண்கள்தாம். 2019இல் ஒருவர் மீதான குற்றச்சாட்டு மீட்டுக்கொள்ளப்பட்டது. மற்றவர் குறைந்த குற்றச்சாட்டை ஒப்புக்கொண்டு, தண்டனை முடிந்து அதே ஆண்டில் விடுதலையானார்.

நான் படித்த எல்லா உளவு ஆயுதங்களிலும் மிகத் திறமையாக மறைக்கப்பட்டவை இவைதாம். உலோகச் சோதனைக் கருவியில் சிக்காதவை. யாருக்கும் சந்தேகம் தராதவை. தாங்கள் ஆயுதம் என்று தங்களுக்கே தெரியாதவை. சினிமா நமக்குக் காட்டாத மறைவிடம் அதுதான்.

பேனா வடிவக் கத்தி போன்றவை இன்று இணையத்தில் விளையாட்டுப் பொருள்போல விற்கப்படுகின்றன. தகுந்த காரணமின்றிப் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பது 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் குற்றம் என்பதை வாங்க நினைப்பவர்கள் நினைவில் கொள்ளட்டும். ஆனால், நம் வயதினருக்கு அதைவிடப் பெரிய ஆபத்து வேறு வடிவில் வருகிறது. "இந்தப் பையை அங்கே கொடுத்துவிடு", "உன் வங்கிக் கணக்கைக் கொஞ்ச நாள் இரவல் கொடு", "ஒரு நிமிட நடிப்பு, கைமேல் காசு" என்று யாராவது கேட்டால், வேலை ஏன் இவ்வளவு எளிது, சம்பளம் ஏன் இவ்வளவு அதிகம், சொன்னவரின் உண்மைப் பெயர் என்ன என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் விலகிவிடுங்கள். மற்றவர் கையில் கருவியாகாமல் இருக்க அந்த மூன்று கேள்விகள் உதவும்.