கோழிக்கு என்ன போடுகிறோம்? முட்டை ஏன் நின்றது?



சென்ற ஆண்டு நம் டிரஸ்ட் மூலம், வருமானத்துக்கு வழியில்லாத குடும்பங்களுக்கு, குறிப்பாகக் கணவரை இழந்த சகோதரிகளுக்கு, வீட்டுக்கு ஆறு விடைக்கோழிகள் கொடுத்தோம். முதல் இரண்டு மாதம் முட்டை நன்றாக வந்தது. பிறகு ஒவ்வொருவராக அலுவலகத்துக்கு வரத் தொடங்கினார்கள். “காக்கா, கோழி கொழுகொழுன்னுதான் இருக்கு, முட்டையத்தான் காணோம்” என்றார் ஒரு லாத்தா. இன்னொருவர் தோல்முட்டையை ஒரு கிண்ணத்தில் போட்டு எடுத்தே வந்துவிட்டார். சிலர் பொறுக்க முடியாமல் கோழிகளை அறுத்து ஆணம் காய்ச்சிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கோழியைக் கொடுத்த நாங்கள், அதற்கு என்ன போட வேண்டும் என்பதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்தத் தவறு எங்களுடையது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

வீடு வீடாகப் போய்ப் பார்த்ததில் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒரே கதைதான். காலையில் ஒரு பிடி குருணை, மத்தியானம் மிச்சச் சோறு, சாயங்காலம் மறுபடி குருணை. ரேஷன் அரிசி இருக்கும்போது இதைவிட மலிவாக எது கிடைக்கும்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கோழி நாளொன்றுக்கு 80 முதல் 110 கிராம் வரை தின்னும். 100 கிராம் குருணையில் இருக்கும் புரதம் சுமார் 7 கிராம்தான். ஒரு முட்டைக்குள் மட்டும் 5, 6 கிராம் புரதம் போகிறது. தின்ற புரதம் முழுவதும் உடம்பில் ஒட்டுவதும் இல்லை. கோழி தன் உடம்பையும் இறகையும் காப்பாற்றிக்கொண்டதற்கு மேல் மிஞ்சுவது மிகக் கொஞ்சம். மாவுச்சத்து மட்டும் தாராளமாகச் சேருகிறது. அது கொழுப்பாக மாறி வயிற்றிலும் ஈரலிலும் தங்கிவிடும். கோழி பார்க்கப் பளபளவென்று கனமாக இருக்கும், முட்டை மட்டும் இருக்காது. லாத்தா சொன்ன ‘கொழுகொழு’வின் பொருள் இதுதான்.

சுண்ணாம்புச்சத்தின் கதை இதைவிட மோசம். முட்டை ஓடு பெரும்பாலும் சுண்ணாம்பால் ஆனது. ஒரு முட்டைக்கு ஏறக்குறைய 2 கிராம் சுண்ணாம்புச்சத்து கோழியின் உடம்பிலிருந்து வெளியே போகிறது. 100 கிராம் அரிசியில் இருப்பதோ சில மில்லிகிராம். மீதியைக் கோழி எங்கிருந்து எடுக்கும்? தன் எலும்பிலிருந்துதான். சில வாரம் அப்படி எடுத்துச் சமாளிக்கும். பிறகு ஓடு மெலியும், தோல்முட்டை விழும், கடைசியில் முட்டையே நின்றுவிடும். சில கோழிகள் கால் நொண்டி உட்கார்ந்துவிடும். நாம் அதை ‘வாதம்’ என்று சொல்லி எண்ணெய் தடவிக்கொண்டிருப்போம்.

“எங்க உம்மா காலத்துல குருணை போட்டுத்தானே வளர்த்தாங்க?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அந்தக் காலத்துக் கோழி பஞ்சாரத்தைத் திறந்ததும் கொல்லை, குப்பைமேடு, வாய்க்கால் கரை என்று பகல் முழுவதும் மேய்ந்தது. புழு, பூச்சி, கறையான், நத்தை, கீரை, கிளிஞ்சல் துண்டு எல்லாம் அதுவே தேடிக்கொண்டது. குருணை அதற்கு மேல் கொடுத்த கொசுறு. இன்று கொல்லைக்கு சிமெண்ட் போட்டாயிற்று, பக்கத்து வீட்டுச் சுவரும் எழும்பியாயிற்று. கோழி கூண்டிலோ மாடியிலோ இருக்கிறது. கொசுறாக இருந்ததே முழுச் சாப்பாடாகிவிட்டது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. அசல் நாட்டுக்கோழி வருடத்துக்கு 60 முதல் 80 முட்டைதான் இடும். பத்துப் பதினைந்து முட்டை இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். நாம் கொடுத்தவை கிராமப்பிரியா. ஹைதராபாத்திலுள்ள மத்திய அரசின் கோழி ஆராய்ச்சி இயக்குநரகம் உருவாக்கிய இனம். நல்ல தீவனம் போட்டால் வருடத்துக்கு 200 முட்டைக்கு மேல் இடக்கூடியது. அதிகம் இடும் கோழிக்கு அதிகம் தேவைப்படும். குருணையை மட்டும் போட்டால், நாட்டுக்கோழியைவிட அதுதான் முதலில் தளரும். நாட்டுக்கோழிக்கு ராஜபோகமாகப் போட்டாலும் அது 200 இடப்போவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சரி, எதைப் போடலாம்?

கடையில் முட்டைக்கோழித் தீவனம், லேயர் தீவனம் என்று மூட்டையில் வரும். அதில் புரதம் 16 முதல் 18 சதவீதம், சுண்ணாம்புச்சத்து மூன்றரை முதல் 4 சதவீதம் இருக்கும். கூண்டிலேயே வளர்ப்பவர்களுக்கு இதுதான் கவலையில்லாத வழி. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். இது முட்டையிடும் கோழிக்கானது. குஞ்சுகளுக்கும், முட்டைக்கு வராத விடைக்கோழிக்கும் இதைத் தொடர்ந்து போட்டால் அத்தனை சுண்ணாம்பையும் வெளியேற்ற முடியாமல் சிறுநீரகம் கெட்டுவிடும். இறைச்சிக்கோழித் தீவனம் மலிவாகக் கிடைக்கிறதென்று அதை வாங்கிப் போடுவதிலும் பயனில்லை. கோழி பெருக்கும், ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்பு அதில் இருக்காது.

வீட்டிலேயே கலக்க நினைப்பவர்களுக்கு 10 கிலோவுக்கான அளவு: உடைத்த மக்காச்சோளம் நாலரை கிலோ, குருணை 1 கிலோ, தவிடு 1 கிலோ, கடலைப் பிண்ணாக்கு 1 கிலோ 200 கிராம், சோயாப் பிண்ணாக்கு 700 கிராம், உப்பில்லாத கருவாட்டுத்தூள் 600 கிராம், நொறுக்கிய கிளிஞ்சல் 700 கிராம், தாது உப்புக் கலவை 250 கிராம், சாப்பாட்டு உப்பு 30 கிராம். இதில் புரதம் 17 சதவீதத்தை ஒட்டி வரும். மக்காச்சோளத்தில் பாதியைக் குறைத்துக் கம்பு சேர்க்கலாம். கம்பில் புரதம் சற்றுக் கூடுதல்.

இவற்றில் மூன்று பொருள்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதலாவது, கருவாடு. நம் கடற்கரையில் இதற்குப் பஞ்சமில்லை. அரிசியிலும் பிண்ணாக்கிலும் குறைவாக உள்ள புரதக் கூறுகள் மீனில் நிறைவாக இருக்கின்றன. கொஞ்சம் சேர்த்தாலே முட்டையில் மாற்றம் தெரியும். ஆனால் நாம் உண்ணும் உப்புக் கருவாட்டை அப்படியே இடித்துப் போட்டால் உப்பே கோழியைக் கொன்றுவிடும். உப்புப் போடாமல் காயவைத்த பொடிமீனாகக் கேட்டு வாங்குங்கள். உப்பு இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் நன்றாக ஊறவைத்து, இரண்டு மூன்று முறை நீர் மாற்றிக் கழுவிக் காயவைத்துப் போடுங்கள். கலவையில் சேர்க்கும் 30 கிராம் உப்பையும் விட்டுவிடுங்கள். அளவு மிஞ்சினால் முட்டையில் மீன்வாடை ஏறும், வாங்கியவர் திருப்பிக் கொண்டுவருவார். மீன் கழுவிய குடல், செதிலைப் பச்சையாக வீசாமல் வேகவைத்துப் போடுங்கள்.

இரண்டாவது, பிண்ணாக்கு. கடலைப் பிண்ணாக்கில் 40 சதவீதத்துக்கு மேல் புரதம் உண்டு. ஈரம் பட்டுப் பூஞ்சை பிடித்தால் அதுவே விஷம். அஃப்ளாடாக்ஸின் என்ற அந்த நஞ்சு ஈரலைத் தாக்கி முட்டையைக் குறைக்கும், வேகவைத்தாலும் முழுவதும் போகாது. பச்சையோ கருப்போ படிந்த பிண்ணாக்கையும் மக்காச்சோளத்தையும் காசு போனாலும் எறிந்துவிடுங்கள். மாட்டுக்கு வைத்திருக்கும் பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கைக் கோழிக்குப் போட்டால், சில நாள் வைத்திருந்த முட்டையின் மஞ்சள்கரு பச்சை பூத்தாற்போல் நிறம் மாறும். ஆமணக்குப் பிண்ணாக்கு உரத்துக்கு மட்டும்தான். கோழி அதன் பக்கமே போகக் கூடாது.

மூன்றாவது, கிளிஞ்சல். இதைத் தீவனத்தில் கலப்பதோடு தனிக் கிண்ணத்திலும் வையுங்கள். தேவைப்பட்ட கோழி தானே பொறுக்கிக்கொள்ளும். ஓடு உருவாக ஏறத்தாழ 20 மணி நேரம் ஆகிறது, அந்த வேலையில் பெரும்பகுதி இரவில் நடக்கிறது. ஆகவே மஃரிபுக்கு முன் கோழி அடையும் நேரத்தில் கிண்ணத்தில் கிளிஞ்சல் இருக்க வேண்டும். மாவாக இருப்பதைவிடக் குருணைப் பருமனில் இருந்தால் வயிற்றில் தங்கி இரவு முழுவதும் மெல்லக் கரையும். கிளிஞ்சல் கிடைக்காவிட்டால் முட்டை ஓட்டைச் சட்டியில் வறுத்து, அடையாளம் தெரியாதபடி நொறுக்கிப் போடுங்கள். பாதி ஓடாகப் போட்டால் கோழி தன் முட்டையையே கொத்தக் கற்றுக்கொள்ளும். வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்து வைப்பதைச் சில வீடுகளில் பார்த்தேன். தெளிந்த நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு மிகக் குறைவு, குழம்பாக வைத்தால் வாய் வெந்துபோகும். வேண்டாம்.

வெளியே மேய்கிற கோழிக்கு இத்தனை தேவையில்லை. காலையில் வெறும் வயிற்றோடு மேய விட்டு, மாலையில் மேற்சொன்ன கலவையை ஒரு கோழிக்கு 40, 50 கிராம் போட்டால் போதும். ஒரு சட்டியில் வைக்கோலும் காய்ந்த சாணமும் அடைத்து, நீர் தெளித்து, புற்றுள்ள இடத்தில் இரவு கவிழ்த்து வைத்தால் காலையில் கறையான் ஏறியிருக்கும். நம் பெரியவர்கள் செய்ததுதான், செலவில்லாத புரதம். அசோலா வளர்ப்பவர்கள் தாராளமாகப் போடலாம், ஆனால் அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். அதையே நம்பித் தீவனத்தை நிறுத்திவிடாதீர்கள். முருங்கை, அகத்திக் கீரையும் மஞ்சள் மக்காச்சோளமும் மஞ்சள்கருவுக்கு நல்ல நிறம் தரும். நிறம் விற்பனைக்கு உதவும். முட்டையின் புரதம் நிறத்தால் கூடுவதோ குறைவதோ இல்லை.

கல்யாண வீட்டு மிச்சத்தைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. வலீமா முடிந்ததும் பிரியாணியைச் சட்டியோடு கோழிக்குக் கொட்டுகிறோம். உப்பு, எண்ணெய், மசாலா மூன்றுமே கோழிக்கு அதிகம். மறுநாள் ஊசிப்போனதைத் தின்று கழுத்துத் துவண்டு செத்த கோழிகளை நானே பார்த்திருக்கிறேன். ஊசிப்போன இறைச்சி அதைவிட ஆபத்து. அன்றன்றைய வெறும் சோறு, காய்கறித் தோல் கொஞ்சம் போடலாம், அவ்வளவே.

கழிவைத் தின்று வளரும் கோழி பற்றி மார்க்கச் சட்டமும் பேசுகிறது. அசுத்தத்தையே பெரும்பாலும் தின்று, நாற்றம் ஏறிய பிராணியை ஃபிக்ஹில் ஜல்லாலா என்பார்கள். அதை அடைத்து வைத்துச் சுத்தமான தீவனம் போட்டு, நாற்றம் நீங்கிய பிறகே உண்ண வேண்டும் என்பது அறிஞர்கள் சொல்லும் வழி. இப்னு உமர் (ரலி) அவர்கள் அத்தகைய கோழியை மூன்று நாள் அடைத்து வைப்பார்கள் என்று அறிவிப்பு உண்டு. சாக்கடை ஓரம் மேயும் கோழி வைத்திருப்பவர்கள் விவரத்தைப் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தண்ணீர்! முட்டையில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர்தான். தின்பதைப் போல் இரண்டு மடங்கு கோழி குடிக்கும், கோடையில் அதற்கும் மேல். ஒரு நாள் தொட்டி காய்ந்தால் பல நாள் முட்டை போகும். மாடியில் வளர்ப்பவர்கள் தொட்டியை நிழலில் வைத்து, லுஹருக்குப் பின் ஒருமுறை மாற்றுங்கள்.

தீவனத்தை ஒரே நாளில் மாற்ற வேண்டாம். ஒரு வாரம் பத்து நாளில் பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டுங்கள். மாற்றிய மறுநாளே முட்டையைத் தேடாதீர்கள். ஒரு மஞ்சள்கரு வளர்ந்து முதிரவே ஒரு வாரம் பத்து நாள் ஆகும். மூன்று வாரமாவது பொறுங்கள். அப்படியும் வராவிட்டால் வேறு காரணம் பாருங்கள்: இறகு உதிர்க்கிறதா, அடைக்கு உட்கார்ந்திருக்கிறதா, பேன் பிடித்திருக்கிறதா, கூண்டு இருட்டா? முட்டையிடும் கோழிக்கு நாளொன்றுக்கு 14 மணி நேரமாவது வெளிச்சம் வேண்டும்.

தோல்முட்டை கொண்டுவந்த சகோதரி கிளிஞ்சல் கிண்ணம் வைத்து, குருணையைப் பாதியாகக் குறைத்து, பிண்ணாக்கும் பொடிமீனும் சேர்த்தார். நான்காவது வாரம் ஆறு கோழியில் நான்கு முட்டைக்குத் திரும்பின, அல்ஹம்துலில்லாஹ். மற்ற இரண்டும் இறகு உதிர்த்துக்கொண்டிருக்கின்றன.

கோழி பெற்ற குடும்பங்களுக்காக நொறுக்கிய கிளிஞ்சல் இரண்டு மூட்டை வாங்கி அலுவலகத்தில் வைத்திருக்கிறோம். அஸருக்குப் பின் வந்து இலவசமாகப் பெற்றுக்கொள்ளலாம். டப்பாவோ பையோ கையோடு கொண்டுவாருங்கள். தாது உப்புக் கலவை வேண்டுவோர் பெயர் கொடுத்தால், மொத்தமாக வாங்கி அடக்க விலைக்கே தருவோம்.