நிலம் இழந்த பிரபு

யட்டியாந்தோட்டையிலிருந்து ஹட்டனுக்குப் போகும் வழியில், கினிகத்தேனைக்கு அருகே ஒரு நீர்வீழ்ச்சி உண்டு. அதன் பெயர் அபர்டீன். ஸ்கொட்லாந்திலுள்ள ஒரு நகரத்தின் பெயர் அது. நமது சப்ரகமுவ மலைகளிலும் மத்திய மலைநாட்டிலும் கோப்பி, தேயிலைத் தோட்டங்களைத் திறந்த துரைமாரில் பலர் ஸ்கொட்லாந்துக்காரர்களே. அவர்களுடைய நாட்டைப் பற்றித் தேடிப் படித்தபோதுதான் மக்லியோட் பிரபுவின் வரலாறு எனக்குக் கிடைத்தது. அவர் தோட்டத்துரை அல்லர். இலங்கையோடு தொடர்புள்ளவரும் அல்லர். ஆனால் நமது தோட்ட மக்களின் முன்னோர் புறப்பட்டு வந்த தமிழகத்துக்குப் படையோடு சென்றவர்.

ஜோன் மெக்கன்சி என்பது அவருடைய இயற்பெயர். 1727இல் குரோமார்ட்டி பிரபுவின் மூத்த மகனாகப் பிறந்தார். 1745இல் இளவரசர் சார்ள்ஸ் எட்வர்ட் பிரித்தானிய அரியணைக்கு உரிமை கோரிக் கிளர்ச்சி செய்தபோது, தந்தையும் மகனும் அவர் பக்கம் நின்றனர். 1746 ஏப்ரலில் இருவரும் பிடிபட்டனர். மறுநாளே கலோடன் போர்க்களத்தில் கிளர்ச்சி முறியடிக்கப்பட்டது. தந்தைக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. கர்ப்பிணியாக இருந்த தாய் மன்றாடியதால் அவர் உயிர் தப்பினார். மகனுக்கு 1748இல் மன்னிப்புக் கிடைத்தது. ஆனால் குடும்ப நிலத்தின் மீதான உரிமையை அவர் கைவிட வேண்டும் என்பது நிபந்தனை.

நிலமற்ற பிரபு சுவீடனுக்குச் சென்று அந்நாட்டுப் படையில் சேர்ந்து உயர் பதவி பெற்றார். கால் நூற்றாண்டுக்குப் பின்னர், 1777இல், நாடு திரும்பினார். அமெரிக்காவில் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. அரசுக்குப் படைவீரர் தேவைப்பட்டனர். தன் குடும்பத்தின் நிலத்தைப் பறித்த அதே அரசுக்காக அவர் 73ஆவது படைப்பிரிவைத் திரட்டினார். ஏறத்தாழ 1,100 பேர் கொண்ட அதன் முதலாவது அணி 1780 ஜனவரியில் சென்னையில் வந்திறங்கியது.

அதே ஆண்டு ஹைதர் அலி பெரும் படையுடன் கர்நாடகப் பகுதிக்குள் நுழைந்தார். காஞ்சிபுரத்தில் படைகளை ஒன்றுசேர்க்கும் திட்டம் ஆபத்தானது என்று மக்லியோட் கருதினார். அவர் சொல் எடுபடவில்லை. செப்டெம்பர் 10ஆம் திகதி, காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள பொள்ளிலூரில், கேர்ணல் பெய்லியின் படை ஹைதராலும் அவர் மகன் திப்பு சுல்தானாலும் அழிக்கப்பட்டது. மக்லியோட்டின் படைப்பிரிவில் ஒரு பகுதியினரும் அங்கே இருந்தனர். இந்த வெற்றியைத்தான் திப்பு ஸ்ரீரங்கப்பட்டின மாளிகைச் சுவரில் ஓவியமாகத் தீட்டச் செய்தார்.

ஹைதர், திப்பு என்றதும் நமக்குப் பெருமை வருவது இயல்பு. ஆனாலும் வரலாற்றை முழுமையாகப் பார்க்க வேண்டும். அந்தப் படையெடுப்பில் எரிந்தவை தமிழ்க் கிராமங்கள். பெய்லியின் படையில் இறந்தவர்களில் பெரும்பாலானோரும் இந்தியச் சிப்பாய்களே. பிரபுவின் பெயர் வரலாற்றில் இருக்கிறது. அவர்களுடைய பெயர்கள் இல்லை.

மக்லியோட் நாடு திரும்பினார். 1784இல், 19,000 பவுண் செலுத்தும் நிபந்தனையோடு, குடும்ப நிலம் அவருக்குத் திரும்பக் கிடைத்தது. 1789இல் அவர் காலமானார்.

இந்த வரலாறு என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. நிலத்தை இழப்பதன் வேதனையை நன்கு அறிந்த ஒருவர், பிறருடைய நிலத்தைப் பிடிக்கும் படைக்குத் தலைமை தாங்கினார். தான் பட்ட துன்பம் பிறர் துன்பத்தை உணர்த்தும் என்று நாம் நினைக்கிறோம். அது தானாக நடப்பதில்லை. நாம் முயன்று கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பிரபுவின் நிலம் 38 ஆண்டுகளில் திரும்பி வந்தது. நம் பக்கத்துத் தோட்டங்களில் 200 ஆண்டுகளாக உழைத்த மக்களில் பலருக்கு, தாம் வாழும் லயத்து மண்ணுக்கு இன்னும் உறுதிப்பத்திரம் இல்லை. அபர்டீன் என்ற பெயரை நம் மலை மறக்காமல் வைத்திருக்கிறது. அந்த மலையில் கொழுந்து பறிப்பவர்களின் பெயர்களை நாமாவது மறக்காமல் இருப்போம்.