ஒரு கணினிக்கு இரு குரல்

புதிய ஒலி அட்டையைக் கணினியிற் பொருத்திய பின்னரும் ஒலிபெருக்கி ஊமையாய் இருக்குமாயின், அட்டை பழுதென்று கருதிக் கடைக்குத் திருப்பி எடுத்துச் செல்வோர் உளர். பல வேளைகளிற் பழுது அட்டையில் இல்லை. தாய்ப்பலகையில் முன்னரே அமைந்துள்ள மற்றோர் ஒலிக்கருவியே காரணமாகும்.

1989ஆம் ஆண்டிற் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் சவுண்ட் பிளாஸ்டர் அட்டையை வெளியிட்ட காலத்தில், கணினிக்குச் செம்மையான ஒலியை அளித்தது தனி அட்டையே. 1997இல் இன்ரெல் நிறுவனம் ஏசி 97 என்னும் நியமத்தை வகுத்த பின்னர், அவ்வாற்றல் தாய்ப்பலகைக்கே வந்து சேர்ந்தது. ஆகவே தனி அட்டை வாங்குபவரிடம் இன்று இரு கருவிகள் உள. இக்காலத்தில் அவை மோதிக்கொள்ளுதல் அரிது. ஆயினும் ஒலி ஒரு வாயிலாற் செல்ல, ஒலிபெருக்கி மற்றொன்றிற் செருகப்பட்டிருத்தல் கூடும்.

இயங்குதளத்தின் ஒலி அமைப்பிற் புதிய அட்டையைத் தெரிவு செய்வது எளிய வழி. நிலையான வழி யாதெனில், கணினி தொடங்கும்போது டெல் அல்லது எஃப்2 போன்ற உரிய விசையை அழுத்தி, பயாஸ் அமைப்பினுட் புகுந்து, உள்ளமைந்த ஒலிக்கருவியை முடக்கிச் சேமித்தலாகும். அதன் சாரதி மென்பொருளை மாத்திரம் நீக்குதல் போதாது. மறுதொடக்கத்தில் இயங்குதளம் அதனை மீண்டும் நிறுவிவிடக் கூடும்.

ஒன்றை மறத்தலாகாது. கணினியின் முகப்பிலுள்ள ஹெட்போன் துளை தாய்ப்பலகையுடன் இணைக்கப்பட்டிருப்பின், அதுவும் மௌனமாகிவிடும். புதிய அட்டையில் இடமிருந்தால் அக்கம்பியை அங்கே மாற்றவேண்டும். முடக்குதல் அழித்தலன்று. அட்டை என்றேனும் பழுதுற்றால், பழைய குரலை அதே இடத்தில் மீண்டும் எழுப்பலாம்.