பதினாறு வயதுக் குற்றமும் மூன்று வயதுப் பாடமும்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் இளைஞர்கள் சம்பந்தப்பட்ட அடிதடியோ வாள்வெட்டோ செய்தியாகும்போதெல்லாம் இரண்டு விளக்கங்கள் உடனடியாக முன்வைக்கப்படுகின்றன. போருக்குள் வளர்ந்த தலைமுறை இப்படித்தான் இருக்கும் என்பது ஒன்று. கைத்தொலைபேசியும் சினிமாவும் பிள்ளைகளைக் கெடுத்துவிட்டன என்பது மற்றையது. பிள்ளை சாதுவாகவே பிறக்கிறது, வன்முறையை வெளியிலிருந்துதான் கற்றுக்கொள்கிறது என்பதே இவ்விரண்டுக்கும் அடிப்படை. இந்த நம்பிக்கையைக் கேள்விக்குள்ளாக்கிய ஆய்வொன்றை வன்னி மண்ணில் வாழ்வோர் அறிந்திருப்பது அவசியம் என நாம் கருதுகிறோம்.

கனடாவைச் சேர்ந்த உளவியலாளர் ரிச்சர்ட் ட்ரெம்பிளே, மொன்றியல் நகரின் வருமானம் குறைந்த பகுதிகளில் 1984 இல் பாலர் வகுப்பில் பயின்ற ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறுவர்களை, அவர்கள் வளர்ந்து ஆளாகும் வரை தொடர்ந்து அவதானித்தார். வயது ஏற ஏற அடிதடியும் ஏறும் என்பதே அக்காலத்தின் பொதுவான எண்ணம். கிடைத்த முடிவோ வேறு. டானியல் நாகினுடன் இணைந்து அவர் 1999 இல் வெளியிட்ட ஆய்வில், 6 முதல் 15 வயது வரை பெரும்பாலானோரிடம் உடல்ரீதியான வன்செயல் குறைவாகவே இருந்தது அல்லது குறைந்துகொண்டே சென்றது. உயர்ந்த மட்டத்திலேயே நீடித்தவர்கள் ஏறத்தாழ 4 சதவீதத்தினர் மாத்திரமே. சிறுவயதில் அமைதியாக இருந்து, கட்டிளமைப் பருவத்தில் புதிதாக அடிக்கத் தொடங்கி அதிலேயே நிலைத்த தனிக் குழு எதுவும் காணப்படவில்லை.

அப்படியாயின் வன்முறை எப்போது தொடங்குகிறது? குழந்தைப் பருவத்திலிருந்தே மேற்கொள்ளப்பட்ட பிந்திய ஆய்வுகள் இதற்கு விடை தந்தன. மனிதன் தன் வாழ்நாளில் மிக அதிகமாக அடிப்பதும் கடிப்பதும் தள்ளுவதும் 2 வயதுக்கும் 4 வயதுக்கும் இடையிலேயே. இவற்றை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. காத்திருப்பது, கேட்டு வாங்குவது, கோபத்தைச் சொல்லால் வெளியிடுவது, மற்றவரின் வலியை உணர்வது ஆகியவற்றையே கற்பிக்க வேண்டும். அந்தப் பாடம் கிட்டாத பிள்ளையே பின்னாளில் ஆபத்துக்குள்ளாகிறது. ‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா’ என்று நம் முன்னோர் கேட்டதும் இதையே.

எனினும் பதினாறு வயதில் தவறிழைக்கும் அனைவரையும் ஒரே தராசில் நிறுத்தல் ஆகாது. சிறுவயது முதல் ஆயுள் முழுவதும் வன்செயலைத் தொடரும் சிறு தொகையினர் வேறு. கட்டிளமைப் பருவத்தில் மட்டும் வழிதவறிப் பின்னர் திருந்தும் பெருந்தொகையினர் வேறு என உளவியலாளர் டெரி மொஃபிட் 1993 இல் எடுத்துக்காட்டினார். இரண்டாம் வகையினரைக் கல்வி இழப்பும் சிறைவாசமும் போதைப்பழக்கமும் மீளமுடியாத பொறிக்குள் தள்ளிவிடக்கூடும். இலங்கையில் குற்றப் பொறுப்புக்கான குறைந்தபட்ச வயது 2018 இல் 8 இலிருந்து 12 ஆக உயர்த்தப்பட்டமை இந்த வகையில் வரவேற்கத்தக்கது.

இனி வன்னிக்கு வருவோம். 2009 மே மாதத்தில் போர் முடிவுற்றபோது 2 முதல் 4 வயது வரையிலிருந்த பிள்ளைகள், சுயகட்டுப்பாட்டைக் கற்க வேண்டிய காலத்தைப் பதுங்குகுழிகளிலும், பின்னர் செட்டிக்குளம் முகாம்களிலும் கழித்தனர். அவர்களுக்கு அந்தப் பாடத்தைப் புகட்ட வேண்டிய தாய், தந்தை, பாட்டன், பாட்டி ஆகியோரே இறந்தோ, காணாமற்போயோ, மனமுடைந்தோ இருந்தனர். உளமருத்துவ நிபுணர் தயா சோமசுந்தரம் 2010 இல் வெளியிட்ட வன்னி பற்றிய ஆய்வில், தனிமனிதர் மட்டுமன்றிக் குடும்பமும் சமூகமும் கூட்டாகக் காயமுற்றதை விளக்கியிருந்தார். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளம் முகாம்களில் பிள்ளைகளை வளர்க்க நேர்ந்த முஸ்லிம் குடும்பங்களும் இத்தகைய சிதைவை அனுபவித்தவையே.

போர் வீட்டுக்குள் எவ்வாறு நுழைகிறது என்பதைக் குளோடியா கட்டானியும் அவரது சகாக்களும் 2008 இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. வடகிழக்கைச் சேர்ந்த 296 தமிழ் மாணவர்களிடம் அது நடத்தப்பட்டது. அவர்களுள் 95.6 சதவீதமானோர் குடும்பத்துக்குள் ஏதேனும் ஒரு துன்புறுத்தலையாவது அனுபவித்ததாகக் கூறினர். தந்தையின் மதுப்பழக்கமும் போர் அனுபவமும் கூடிய இடங்களில் துன்புறுத்தலும் கூடியிருந்தது. ‘அடியாத மாடு படியாது’ என்று நாம் சொல்லிப் பழகியுள்ளோம். ஆனால் கையை அடக்கக் கற்க வேண்டிய வயதில் பெரியவரின் ஓங்கிய கையைப் பார்த்து வளரும் பிள்ளை எதனைக் கற்கும்? பாடசாலைகளில் உடல் தண்டனையைத் தடுக்கும் கல்வி அமைச்சின் சுற்றறிக்கைகள் 2005 இலும் 2016 இலும் வெளியாகின. வீட்டு வாசலை எந்தச் சுற்றறிக்கையும் தாண்டுவதில்லை.

பரிகாரம் உண்டு என்பதையும் மொன்றியல் ஆய்வு நிரூபித்தது. பாலர் வகுப்பில் மிகுந்த முரட்டுத்தனம் காட்டிய சிறுவர்களில் ஒரு பகுதியினருக்கு 7 முதல் 9 வயது வரை, இரண்டு ஆண்டுகள், சமூகப் பழக்கங்கள் பயிற்றுவிக்கப்பட்டன. பெற்றோருக்கும் பிள்ளை வளர்ப்புப் பயிற்சி அளிக்கப்பட்டது. 24 வயதளவில் குற்றப்பதிவு உடையோர் அவர்களுள் 22 சதவீதம். பயிற்சி பெறாதோருள் 33 சதவீதம். உயர்நிலைப் பள்ளிக் கல்வியை நிறைவு செய்தோர் முறையே 46 சதவீதமும் 32 சதவீதமும் ஆவர்.

போருக்குப் பின்னர் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் பல முன்பள்ளிகள் சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் கீழ் இயங்கின. அவற்றை யார் நடத்துவது என்பது பற்றிப் பெரும் விவாதம் எழுந்தது. அங்கே பிள்ளை என்ன கற்கிறது என்பது பற்றி அத்தகைய விவாதம் எழவில்லை. அகரம் எழுதப் பழக்குவதே முன்பள்ளியின் கடமை என்ற எண்ணம் மாற வேண்டும். முன்பள்ளி ஆசிரியைகளுக்கு உரிய ஊதியமும் பயிற்சியும் வழங்கப்பட வேண்டும். வீடு வீடாகச் செல்லும் குடும்பநல உத்தியோகத்தர், தாயின் மனநிலையையும் தந்தையின் மதுப்பழக்கத்தையும் கவனிக்கக்கூடியவராக இருத்தல் வேண்டும். கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் இளம் பெற்றோரிடம் இதனை எடுத்துரைக்கலாம்.

பொலிஸ் சோதனைச் சாவடியால் பதினாறு வயதுக்காரனைத் தடுத்து நிறுத்தலாம். அவனது மூன்றாம் வயதை மீட்டுத் தர முடியாது. 2009 இல் குழந்தைகளாக இருந்தோர் இன்று பெற்றோராகும் வயதை எட்டுகின்றனர். அவர்களுக்குக் கிட்டாத பாடம் அவர்களுடைய பிள்ளைகளுக்கேனும் கிட்ட வேண்டுமாயின், மாகாண நிர்வாகமும் சமூகமும் அந்த வேலையை இப்போதே தொடங்க வேண்டும்.