கிணற்றால் பெயர் பெற்ற கல் நகரம்!
மாயா மக்கள் மறைந்து போனார்களா?

மெக்சிகோ நாட்டின் தென்கிழக்கு மூலையில் கடலுக்குள் நீட்டிக்கொண்டு இருக்கிறது யுகட்டான் தீபகற்பம். அதன் வடபகுதி ஒரே சமவெளி. மலை இல்லை. எங்கு பார்த்தாலும் குட்டையான காடு. ஆறு என்று சொல்லிக்கொள்ள ஒன்றுகூட கிடையாது!

ஆறு இல்லாத அந்த மண்ணில்தான் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பெரிய நகரம் செழித்து இருந்தது. வானத்தைத் தொடுவது போல் கோவில். ஆயிரம் தூண் மண்டபம். பந்து விளையாட மைதானம். கோள்களைப் பார்க்க வட்டக் கோபுரம்.

அந்த நகரத்தின் பெயர் சிச்சேன் இட்சா. மாயா மொழியில் 'சி' என்றால் வாய். 'சேன்' என்றால் கிணறு. இட்சா என்பது அங்கு வாழ்ந்த மக்களின் பெயர். இட்சா மக்களின் கிணற்று வாய் என்பதே அந்த ஊரின் பெயர்!

ஆண்டுதோறும் பல லட்சம் பேர் இந்த ஊரைப் பார்க்கப் போகிறார்கள். பெரும்பாலோர் காலையில் போய் இரவில் திரும்பும் ஒரு நாள் பயணிகள்.

காலை 7 மணி பஸ்

பயணம் பெரும்பாலும் கான்குன் நகரில் தொடங்கும். பெரிய பெரிய ஓட்டல்கள் நிறைந்த கடற்கரை நகரம் அது. காலை 7 மணிக்கு ஓட்டல் வாசலுக்கே பஸ் வந்துவிடும். கூடவே ஒரு வழிகாட்டி வருவார். சிச்சேன் இட்சா சுமார் 200 கிலோ மீட்டர் தூரம். இரண்டரை மணி நேர ஓட்டம்.

வழியில் ஒரு வேடிக்கை உண்டு. கான்குன் இருப்பது கின்டானா ரூ மாநிலம். சிச்சேன் இட்சா இருப்பது யுகட்டான் மாநிலம். எல்லையைத் தாண்டியதும் கைக்கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பி வைக்க வேண்டும். திரும்பி வரும்போது அந்த ஒரு மணியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

2023-ம் ஆண்டு டிசம்பர் மாதம் முதல் 'மாயா ரெயில்' என்ற ரெயிலும் ஓடுகிறது. சிச்சேன் இட்சாவுக்கு ஒரு ரெயில் நிலையம் கட்டி இருக்கிறார்கள்.

365 படிகள்

வாசலில் டிக்கெட் வாங்கி, மரங்களுக்கு நடுவே சிறிது தூரம் நடந்தால், திடீர் என்று ஒரு திறந்த வெளி. அதன் நடுவில் நிற்கிறது குகுல்கான் கோவில். குகுல்கான் என்பது சிறகு முளைத்த பாம்புத் தெய்வம்.

கோவிலின் உயரம் சுமார் 100 அடி. அடிப்பாகம் ஒவ்வொரு பக்கமும் சுமார் 180 அடி. ஒன்பது அடுக்குகள். நான்கு பக்கமும் படிக்கட்டு. ஒரு பக்கத்துக்கு 91 படிகள். நான்கு பக்கமும் சேர்த்தால் 364. உச்சியில் உள்ள மேடையை ஒரு படியாகக் கூட்டினால் 365. ஆண்டின் நாட்களை அப்படியே கல்லில் அடுக்கி வைத்து இருக்கிறார்கள்!

பகலும் இரவும் சமமாக இருக்கும் மார்ச், செப்டம்பர் மாத நாட்களில் மாலை வெயில் சாயும்போது இன்னொரு அதிசயம் நடக்கும். வடக்குப் படிக்கட்டின் கைப்பிடிச் சுவரில் முக்கோணம் முக்கோணமாக ஒளி விழும். சுவரின் அடியில் கல்லில் செதுக்கிய பாம்புத் தலை இருக்கிறது. ஒளியும் தலையும் சேர்ந்து, ஒரு பாம்பு மேலே இருந்து இறங்கி வருவது போலத் தோன்றும். அதைக் காண ஆயிரக்கணக்கானோர் கூடுகிறார்கள்.

மற்ற நாட்களில் போகிறவர்கள் கை தட்டிப் பார்க்கலாம். படிக்கட்டுக்கு எதிரே நின்று ஒரு தட்டுத் தட்டினால், கெட்சால் என்ற பறவை கீச்சிடுவது போல எதிரொலி திரும்பி வரும்.

முன்பு உச்சி வரை ஏற விட்டார்கள். 2006-ம் ஆண்டு ஒரு பெண் தவறி விழுந்து இறந்தார். அதன் பிறகு ஏறுவதற்குத் தடை வந்துவிட்டது.

இரும்பு இல்லாமல் கட்டினார்கள்

இதைக் கட்டியவர்களிடம் இரும்பு உளி கிடையாது. மாட்டு வண்டி கிடையாது. பாரம் சுமக்கும் குதிரை கிடையாது. கல்லைக் கல்லாலேயே செதுக்கினார்கள். முதுகில் சுமந்து ஏற்றினார்கள். சுண்ணாம்புக் கல்லைச் சுட்டு, சாந்து குழைத்துப் பூசினார்கள்.

வாசல் நிலைக்கு மேலே போடும் உத்தரத்துக்கு சப்போட்டா மரத்தைப் பயன்படுத்தினார்கள். நம் ஊர்ப் பழக்கடையில் விற்கும் அதே சப்போட்டாதான்! அதன் தாயகம் அந்தப் பகுதி. மிளகாயும் அமெரிக்கக் கண்டத்தில் பிறந்ததுதான். போர்ச்சுக்கீசியரின் கப்பலில் ஏறி இந்தியாவுக்கு வந்தது.

எண்களை எழுத மாயா மக்களுக்கு மூன்றே குறிகள் போதும். ஒரு புள்ளி என்றால் ஒன்று. ஒரு கோடு என்றால் ஐந்து. ஒரு கிளிஞ்சல் என்றால் பூஜ்யம். இந்தியா கண்ட பூஜ்யத்தை, இந்தியாவைப் பற்றி எதுவுமே தெரியாமல் அவர்களும் கண்டார்கள்.

கோவிலுக்குச் சற்று மேற்கே இருக்கிறது பந்து மைதானம். நீளம் சுமார் 550 அடி. அகலம் 230 அடி. இருபுறமும் உயர்ந்த சுவர். தரையில் இருந்து சுமார் 20 அடி உயரத்தில் ஒரு கல் வளையம். கனத்த ரப்பர் பந்தை இடுப்பால் அடித்து ஆடுவார்கள். சுவரில் உள்ள சிற்பத்தில் ஓர் ஆட்டக்காரரின் தலை வெட்டப்பட்டு இருக்கிறது. அது அவர்களுக்கு விளையாட்டு மட்டும் அல்ல. வழிபாடும் கூட.

நரபலிக் கிணறு

கோவிலில் இருந்து வடக்கே ஒரு பாதை போகிறது. அதன் முடிவில் இருப்பதுதான் புனிதக் கிணறு. அகலம் சுமார் 200 அடி. சுற்றிலும் செங்குத்தான பாறை. வெகு கீழே அசையாத பச்சைத் தண்ணீர்.

இது மனிதர் வெட்டிய கிணறு அல்ல. அந்த நாடு முழுவதும் சுண்ணாம்புப் பாறை. பெய்யும் மழை எல்லாம் பாறைக்குள் இறங்கி, அடியில் குகைகளைக் குடைந்து ஓடுகிறது. சில இடங்களில் குகையின் கூரை இடிந்து விழும். தண்ணீர் வெளியே தெரியும். இதற்கு 'செனோட்டே' என்று பெயர். இப்படிப்பட்ட பள்ளங்கள் யுகட்டானில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன.

மழை பொய்த்தால் சோளம் இல்லை. சோளம் இல்லை என்றால் உயிர் இல்லை. மழைத் தெய்வமான சாக் இந்தக் கிணற்றுக்குள் இருப்பதாக அவர்கள் நம்பினார்கள். பொன்னையும் பச்சைக் கல்லையும் போட்டார்கள். மனிதரையும் போட்டார்கள்.

எட்வர்டு தாம்சன் என்ற அமெரிக்கர் 1894-ம் ஆண்டில் சிச்சேன் இட்சா பண்ணையை விலைக்கு வாங்கினார். பாழடைந்த நகரமும் பண்ணையோடு சேர்ந்து அவருக்குச் சொந்தம் ஆயிற்று! 1904-ம் ஆண்டில் தொடங்கி, வாளி கட்டிய இயந்திரத்தால் கிணற்றின் சேற்றை அள்ளினார். தங்கத் தகடு, பச்சைக் கல் மணி, சாம்பிராணி உருண்டை, எலும்புகள் எல்லாம் வந்தன. பெரும்பகுதி அமெரிக்காவில் உள்ள ஆர்வர்டு பல்கலைக்கழக அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. மெக்சிகோ அரசு வழக்குப் போட்டது. 1944-ம் ஆண்டில் மெக்சிகோவின் உச்ச நீதிமன்றம் தாம்சன் பக்கமே தீர்ப்புச் சொன்னது. அப்போது அவர் உயிரோடு இல்லை. பிறகு 1970-ம் ஆண்டில் அந்த அருங்காட்சியகம் ஒரு பகுதிப் பொருள்களைத் திருப்பிக் கொடுத்தது.

கன்னிப் பெண்கள் கதை

அழகான கன்னிப் பெண்களை நகை பூட்டி இந்தக் கிணற்றில் தள்ளினார்கள் என்று ஒரு கதை வெகு காலமாக உலவுகிறது. கேட்பவர்களுக்கு உடல் சிலிர்க்கும். ஆனால் கிணற்றில் கிடைத்த எலும்புகளில் ஆண்கள், பெண்கள், குழந்தைகள் எல்லோருடைய எலும்புகளும் இருந்தன.

உண்மை இன்னும் கொடுமையானது. 1967-ம் ஆண்டு, புனிதக் கிணற்றுக்கு அருகில் பூமிக்கு அடியில் ஒரு தண்ணீர்த் தொட்டியைக் கண்டுபிடித்தார்கள். அதனுள் நூறுக்கும் மேற்பட்ட குழந்தைகளின் எலும்புகள் இருந்தன. அவற்றில் 64 பேரின் எலும்புகளில் இருந்து மரபணுவை எடுத்து ஆராய்ந்த விஞ்ஞானிகள், 2024-ம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள்.

அறுபத்து நான்கு பேரும் ஆண் பிள்ளைகள்! பெரும்பாலோர் மூன்று முதல் ஆறு வயதுக்கு உட்பட்டவர்கள். பலர் ஒருவருக்கொருவர் நெருங்கிய உறவினர்கள். இரண்டு ஜோடி இரட்டைப் பிள்ளைகளும் இருந்தார்கள்.

அந்த விஞ்ஞானிகள் இன்னொரு காரியமும் செய்தார்கள். அதே மாநிலத்தில் உள்ள ஒரு மாயா கிராமத்தில் இன்று வாழும் 68 பேரின் மரபணுவோடு அந்தப் பிள்ளைகளின் மரபணுவை ஒப்பிட்டார்கள். ஒரே வம்சம் என்று தெரிந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு பலி கொடுக்கப்பட்ட பிள்ளைகளின் இனம் இன்றும் அங்கேயே இருக்கிறது!

கூலிக்குப் போன வாரிசுகள்

'மாயா மக்கள் மர்மமாக மறைந்து போனார்கள்' என்று பல புத்தகங்களில் படித்து இருப்பீர்கள். நகரங்கள் பாழ் ஆனது உண்மை. மக்கள் எங்கும் போகவில்லை. யுகட்டான் மாயா மொழி பேசுகிறவர்கள் இன்றும் ஏழு லட்சத்துக்கு மேல் இருக்கிறார்கள்.

16-ம் நூற்றாண்டில் ஸ்பெயின்காரர்கள் வந்தார்கள். புதிய நோய்களும் கூடவே வந்தன. 1562-ம் ஆண்டில் டியகோ டி லாண்டா என்ற பாதிரியார் மாயா சுவடிகளைத் தீயில் போட்டார். அந்த எழுத்தில் எழுதிய சுவடிகளில் இன்று உலகத்தில் எஞ்சி இருப்பவை நான்கே நான்கு.

19-ம் நூற்றாண்டின் கடைசியில் கயிறு திரிக்கும் கற்றாழை நார்ப் பண்ணைகள் பெருகின. முதலாளிகள் மாளிகை கட்டினார்கள். மாயா கூலிகளுக்கு முன்பணம் கொடுத்தார்கள். அந்தக் கடன் தீராது. அப்பனுக்குப் பிறகு மகன் தலையில் விழும். கடன் தீராமல் பண்ணையை விட்டுப் போக முடியாது. மெக்சிகோ புரட்சிக்குப் பின்னரே அந்தத் தளை அறுந்தது.

கான்குன் நகரம் கட்டும் வேலை 1970-ம் ஆண்டில் தொடங்கியது. மாயா கிராமங்களில் இருந்து இளைஞர்கள் பஸ் ஏறினார்கள். கல் சுமந்தார்கள். கொத்தனார் ஆனார்கள். ஓட்டலில் அறை துடைக்கிறார்கள். சமையல் செய்கிறார்கள். வாரக் கடைசியில் வீட்டுக்குப் போய் வருகிறவர்கள் உண்டு. வீட்டில் மாயா மொழி, வேலை இடத்தில் ஸ்பானிஷ், பயணிகளிடம் கொஞ்சம் ஆங்கிலம் என்று மூன்று மொழியில் பிழைப்பு நடக்கிறது.

சிச்சேன் இட்சாவின் பாதை ஓரங்களிலும் அவர்களைப் பார்க்கலாம். மரத்தில் செதுக்கிய முகமூடி, நூல் ஊஞ்சல், ஜாகுவார் புலி போல உறுமும் ஊதுகுழல் எல்லாம் விற்கிறார்கள். உள்ளே கடை போடக்கூடாது என்று அதிகாரிகள் சொல்வதும், 'இது எங்கள் பாட்டன் கட்டிய ஊர்' என்று அவர்கள் பதில் சொல்வதும் நெடுநாள் வழக்கு. கோவில் நிற்கும் நிலமே 2010-ம் ஆண்டு வரை ஒரு தனியார் குடும்பத்தின் சொத்தாக இருந்தது. அந்த ஆண்டுதான் மாநில அரசு அதை விலை கொடுத்து வாங்கியது.

நீந்தும் கிணறு

பகல் சாப்பாட்டில் மக்காச்சோள ரொட்டியும் கருப்பு பீன்சும் கட்டாயம் இருக்கும். மசாலா தடவிய பன்றி இறைச்சியை வாழை இலையில் சுற்றி, மண்ணைத் தோண்டிச் சுடும் பதார்த்தம் அந்த ஊருக்கே பெயர் பெற்றது. மிளகாய் அங்கிருந்து இங்கே வந்தது. வாழை இந்தப் பக்கத்தில் இருந்து அங்கே போனது!

சாப்பாட்டுக்குப் பிறகு குளியல். புனிதக் கிணற்றில் யாரையும் இறங்க விடுவது இல்லை. நீந்துவதற்கு சுமார் 3 கிலோ மீட்டர் தூரத்தில் 'இக் கில்' என்ற வேறு கிணறு இருக்கிறது.

தரை மட்டத்தில் இருந்து சுமார் 85 அடி கீழே தண்ணீர். பாறையைக் குடைந்து படி அமைத்து இருக்கிறார்கள். மேலே இருக்கும் மரங்களின் வேர்கள் சடை சடையாகத் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு தொங்குகின்றன. உச்சி வெயில் நேரத்தில் திறந்த வாய் வழியாக ஒளி இறங்கும். கருப்புக் கெளுத்தி மீன்கள் காலடியில் ஓடும். ஆழம் அதிகம். அதனால் லைப் ஜாக்கெட் கொடுக்கிறார்கள்.

இறங்கும் முன் எல்லோரும் குழாயடியில் உடம்பைக் கழுவ வேண்டும். வெயிலுக்குப் பூசும் களிம்பு கூடாது. இதில் கண்டிப்பு உண்டு. காரணம் இருக்கிறது. ஒரு கிணற்றின் தண்ணீர் பாறைக்கு அடியில் இன்னொரு கிணற்றுக்குப் போகிறது. மேலே கொட்டிய சாக்கடையும் பண்ணைக் கழிவும் வடிகட்டாமல் கீழே இறங்குகின்றன. இன்றும் யுகட்டான் மக்கள் குடிப்பது இந்த நிலத்தடி நீரைத்தான்.

மாலையில் பஸ் கிளம்பும். வழியில் வல்லதோலித் என்ற பழைய ஊரில் சிறிது நேரம் நிறுத்துவார்கள். இரவு கான்குன் வந்து சேரும்போது வழிகாட்டிக்கும் டிரைவருக்கும் பயணிகள் அன்பளிப்பு கொடுப்பது வழக்கம். கொடுக்கும்போது 'போட்டிக்' என்று ஒரு வார்த்தையும் சேர்த்துச் சொல்லலாம். மாயா மொழியில் நன்றி என்று பொருள். ஆயிரம் ஆண்டுக் கோவிலைக் கட்டியவர்களின் மொழி அது. மாயா டிரைவராக இருந்தால், அவர் தன் தாய்மொழியிலேயே பதில் சொல்வார்.